காரைக்குடி வளவில் ஒரு மிக்-21: முதல் மாடல் கட்டுபவர்களுக்கு

முதல் பிளாஸ்டிக் ஜெட் மாடலுக்கு மிக்-21 கிட் (தனித்தனிப் பாகங்களாக வரும் பெட்டி) எடுங்கள். 1963 தொடங்கி 2025 செப்டம்பர் 26 வரை நம் விமானப்படையில் இருந்த விமானம் என்பதால் பார்த்துச் செய்ய வேண்டிய மட்டும் படங்கள் கிடைக்கும். 1/72 அளவில், அதாவது நிஜ விமானத்தில் 72-ல் ஒரு பங்கில், இறக்கை முனைக்கு முனை 10 செ.மீ.தான் வரும்.

நிப்பர் (சிறு வெட்டுக் குறடு), கத்தி, மாடல் சிமென்ட் (பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டும் பசை), அக்ரிலிக் பெயின்ட் ஆகியவற்றை ஆன்லைனில் வாங்கிக்கொள்ளுங்கள். 400, 800, 1500 நம்பர் வாட்டர் பேப்பரும் பட்டியும் உள்ளூர் பெயின்ட் கடையிலேயே உண்டு.

முதலில் இடம். ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் தப்பித் தவறிக்கூட உட்காராதீர்கள். பூவும் கட்டமுமான அந்த வேலைப்பாட்டில் 2 மி.மீ. துண்டு ஒன்று விழுந்தால் போனது போனதுதான். பழைய வெள்ளை வேட்டியை விரித்து, அதன் மேல் மேசையைப் போடுங்கள்.

பாகங்களை, அவை ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் சட்டத்தோடு பாத்திரம் கழுவும் சோப்பில் கழுவிக் காயவையுங்கள். அச்சில் தடவிய எண்ணெய் ஒட்டியிருந்தால் பெயின்ட் பிடிக்காது. வெட்டும்போது சட்டத்தை ஒட்டி ஒரு வெட்டு, அப்புறம் பாகத்தை ஒட்டி இன்னொரு வெட்டு. ஒரே வெட்டில் எடுத்தால் பிளாஸ்டிக் பிய்ந்து குழி விழும்.

காக்பிட்டை (விமானி உட்காரும் இடத்தை) உடம்பு மூடுவதற்கு முன்பே முடிக்க வேண்டும். மிக் காக்பிட்டுக்கு பச்சை கலந்த நீலம். டயல்களுக்கு, பிரஷ்ஷில் வெள்ளையைத் தொட்டு, துணியில் நன்றாகத் துடைத்துவிட்டு, மேடுகளின் மேல் லேசாக இழுங்கள். இருக்கை பெல்ட்டுக்கு 1 மி.மீ. அகலத்தில் நறுக்கிய மாஸ்கிங் டேப் போதும். அதற்கு மேல் உள்ளே மெனக்கெட வேண்டாம், மேலே கண்ணாடிக் கூண்டு மூடினால் பாதி தெரியாது.

மூடுவதற்கு முன் மூக்கில் எடை வையுங்கள், இல்லாவிட்டால் விமானம் வாலைத் தரையில் ஊன்றி உட்கார்ந்துவிடும். சைக்கிள் கடை பால்ரஸ் குண்டுகளை கூம்புக்குப் பின்னால் சூப்பர் க்ளூ வைத்து ஒட்டலாம்.

இனிதான் உண்மையான வேலை. மாடலின் தரத்தை நான் பெயின்ட்டில் பார்ப்பதில்லை, இணைப்புக் கோட்டில்தான் பார்ப்பேன். இரண்டு பாதிகளையும் சேர்த்துப் பிடித்து, மெல்லிய சிமென்ட்டை பிரஷ்ஷால் கோட்டில் தொட்டால் தானே உள்ளே ஓடும். சில நொடி கழித்து அழுத்துங்கள். உருகிய பிளாஸ்டிக் நூல் போல வெளியே பிதுங்க வேண்டும். ஒரு நாள் முழுக்கக் காயட்டும். பிறகு 400, 800, 1500 என்ற வரிசையில் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். பள்ளம் இருந்தால் பட்டி பார்த்து மறுபடி தேய்ப்பு. விரல் நகத்தை குறுக்கே ஓட்டும்போது தட்டவே கூடாது, நம் பழைய வீட்டுச் சுவரில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்து மெருகேற்றிய பூச்சு மாதிரி இருக்க வேண்டும். சாம்பல் நிற ப்ரைமர் அடித்தால் ஒளிந்திருக்கும் கோடெல்லாம் வெளியே வந்துவிடும். சலித்துக்கொள்ளாமல் திரும்பத் தேயுங்கள்.

ஸ்ப்ரே அடிப்பதானால் வளவின் திறந்த முற்றத்தில், காலை வெயில் ஏறுவதற்குள். சித்திரை நடுப்பகலில் பெயின்ட் காற்றிலேயே காய்ந்து சொரசொரப்பாக விழும். ஐப்பசி மழை ஈரத்திலோ வெள்ளை பூத்துவிடும். அடித்ததும் பெரிய டப்பாவைக் கவிழ்த்து மூடுங்கள், செம்மண் தூசி காத்துக்கொண்டிருக்கும். பிரஷ்தான் என்றால் தண்ணீராக மூன்று கோட். புதிதாகத் தொடங்குபவர்கள் முழுச் சாம்பல் நிறத்தோடு நில்லுங்கள். வெள்ளி நிறம் ஒவ்வொரு கீறலையும் காட்டிக்கொடுக்கும்.

அடுத்து பளபளப்பான கிளியர் கோட். இதைத் தவிர்த்தால் டெக்காலுக்கு (நீரில் ஊறவைத்து ஒட்டும் சின்னப் படத்துக்கு) அடியில் காற்று சிக்கி வெள்ளி போல மின்னும். டெக்காலை வெதுவெதுப்பான நீரில் அரை நிமிடம் ஊறவிட்டு, இழுக்காமல் நகர்த்தி வையுங்கள். வட்டச் சின்னத்தில் காவி வெளியே, பச்சை நடுவே. அதன் மேல் இன்னொரு கிளியர் கோட்.

பேனல் கோடுகளுக்கு (உடம்புத் தகடுகள் சேரும் கோடுகளுக்கு) கரும்பழுப்பு ஆயில் பெயின்ட்டை டர்பன்டைனில் கரைத்து ஓடவிட்டு, அரைகுறையாகக் காய்ந்ததும் துணியால் துடையுங்கள். இறக்கையில் எப்போதும் முன்னிருந்து பின்னாகத்தான், காற்று ஓடும் திசையில். மிச்சமிருக்கும் கறை அழுக்குப் போலவே தெரியும். சக்கரக் குழி, புகை வாய் பக்கம் மட்டும் கொஞ்சம் கூடுதலாக அழுக்கு விடலாம். உடம்பு முழுக்கப் பூசினால் பழைய இரும்புக் கடைச் சரக்கு ஆகிவிடும். கடைசியாக மேட் கோட் (பளபளப்பில்லாத பூச்சு).

கூண்டுக் கண்ணாடிக்கு ஃபெவிகால் மட்டும், சூப்பர் க்ளூ கண்ணாடியைப் புகைமூட்டமாக்கும். பிட்டோ குழாயை (வேகம் அளக்க மூக்கில் நீட்டியிருக்கும் மெல்லிய குழாயை) எல்லாவற்றுக்கும் பிறகு ஒட்டுங்கள். கிட்டில் வரும் பிளாஸ்டிக் குழாய் தடிமனாக இருக்கும், கை பட்டாலே ஒடியும். மெல்லிய ஊசியின் கூர்முனையை நறுக்கிவிட்டு வைத்தால் அளவு சரியாக வரும். ஆரம்ப கால எஃப்-13 ரகத்தில் அது மூக்கின் அடியில், பின்னால் வந்தவற்றில் மேலே, அதனால் உங்கள் கிட் எந்த ரகம் என்று பார்த்துவிட்டு துளை போடுங்கள்.