ஒரு தலைமுடி, ஒரு லேசர்: ஒளியின் இருமைப் பண்பைப் பார்த்து, சரியாக எழுதுவோம்

‘ஒளி சில நேரம் அலை, சில நேரம் துகள்’ என்று தேர்வில் எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அந்த வாக்கியம் ஒன்றையும் விளக்குவதில்லை. எப்போது அலை, எப்போது துகள்? முதலில் சுவரில் பார்த்துவிட்டு, அப்புறம் எழுதுவோம்.

வேண்டியவை: சிவப்பு லேசர் பாயின்டர் (1 மில்லிவாட் போதும்), ஒரு தலைமுடி, செல்லோடேப், ஸ்கேல், அளவு டேப், வெள்ளைத் தாள், இருட்டான அறை. லேசரை யார் கண்ணிலும் அடிக்கக் கூடாது. கண்ணாடி, எவர்சில்வர் பாத்திரம் பக்கமும் திருப்ப வேண்டாம். மலிவான பச்சை லேசர்களில் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் கசியலாம் என்பதால் சிவப்பே நல்லது.

படி 1: முடியை லேசரின் வாய்க்குக் குறுக்கே, நடுவில் செங்குத்தாக வருமாறு இழுத்துப் பிடித்து ஒட்டுங்கள். தொய்வு இருக்கக் கூடாது.

படி 2: சுவரில் தாளை ஒட்டி, சரியாக 2 மீட்டர் தள்ளி லேசரைப் புத்தக அடுக்கின் மேல் வைத்து எரியவிடுங்கள். நடுவில் முடியின் நிழல் ஒரு கறுப்புக் கோடாக விழும் என்றுதானே நினைப்போம்? விழாது. நடுவில் பளிச்சென்று ஒளி. இருபுறமும் கிடைமட்டமாக நீளும் சிவப்புப் பட்டை, இடையிடையே இருட்டால் வெட்டுப்பட்டிருக்கும். லேசரை உருட்டினால் பட்டையும் கூடவே சுழலும்.

ஆங்கில அறிஞர் தாமஸ் யங் 1803-இல் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தில் விவரித்ததும் இதே வகைச் சோதனைதான். சூரியக் கற்றையின் நடுவே அங்குலத்தில் முப்பதில் ஒரு பங்கு அகலமுள்ள அட்டைத் துண்டைப் பிடித்தார். அட்டையின் ஒரு பக்கம் வந்த ஒளியை மறைத்ததும் நிழலுக்குள் இருந்த வரிகள் மறைந்தன. அதாவது, இரண்டு பக்க ஒளியும் சேர்ந்துதான் அந்த வரிகளை உண்டாக்குகிறது. துகள் மட்டும் என்று சொன்னால் இதை விளக்க முடியாது.

படி 3: ஒரே பக்கத்தில் முதல் இருட்டிலிருந்து ஐந்தாவது இருட்டு வரை அளந்து 4-ஆல் வகுங்கள். நடுப்பகுதியைத் தொடாதீர்கள், அங்கே இடைவெளி இரட்டிப்பு. லேசரின் அலைநீளம் 650 நானோமீட்டர், தூரம் 2 மீட்டர் என்றால், 1300-ஐ அந்த இடைவெளியால் (மில்லிமீட்டரில்) வகுத்தால் முடியின் தடிமன் மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கிடைக்கும். இடைவெளி 19 மி.மீ. என்றால் சுமார் 68 மைக்ரான். அலைநீளம் என்ற ஒன்று இல்லாமல் இந்தக் கணக்கே இல்லை.

படி 4: துகள் எங்கே? 1905-இல் ஐன்ஸ்டைன், ஒளியின் ஆற்றல் சிப்பம் சிப்பமாகவே கைமாறுகிறது என்றார். உங்கள் 1 மில்லிவாட் லேசரிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 3,000,000,000,000,000 ஃபோட்டான்கள் (அந்தச் சிப்பங்களின் பெயர்) கிளம்புகின்றன. இந்தக் கூட்டத்தில் தனி ஒன்றைக் காண வழியில்லை. சரி, ஒளியைக் குறைத்துக்கொண்டே போனால்? 1909-இல் வெளியிட்ட சோதனையில் ஆங்கில இயற்பியலாளர் ஜி. ஐ. டெய்லர் அதைத்தான் செய்தார். புகை படிந்த கண்ணாடிகளால் ஒளியை மங்கவைத்து, ஓர் ஊசியின் நிழலைப் படம் பிடித்தார். மிக மங்கலான படத்துக்கு 2000 மணி நேரம், கிட்டத்தட்ட மூன்று மாதம், ஒளியைப் பதியவிட்டார். வரிகள் அப்படியே இருந்தன! மிக மங்கலான ஒளியையும் உணரும் இன்றைய கேமராக்களில் ஃபோட்டான்கள் ஒவ்வொரு புள்ளியாக வந்து விழுவதும், புள்ளிகள் சேரச் சேர அதே வரிகள் உருவாவதும் தெரியும்.

படி 5: இனி எழுதலாம். ‘சில நேரம்’ என்பதை அடித்துவிட்டு இப்படி எழுதுங்கள்: “ஒளி எங்கே விழ வாய்ப்பு அதிகம் என்பதை அலை தீர்மானிக்கிறது, விழும்போது அது முழு ஃபோட்டானாக, ஒரே புள்ளியில் பதிகிறது.” கேள்வி ஒளிமின் விளைவைப் (ஒளி பட்டு உலோகத்திலிருந்து எலக்ட்ரான் வெளிவருவது) பற்றியது என்றால் இரண்டாம் பாதியை விரித்து எழுதுங்கள், விளிம்பு விளைவு (தடையின் ஓரத்தில் ஒளி வளைந்து பரவுவது) என்றால் முதல் பாதியை, முடியின் படத்தோடு.