தோள் இறங்கிய பிள்ளைக்கு நாம் செய்யும் தவறுகள்

கோபிசெட்டிப்பாளையம், பொள்ளாச்சிப் பக்கத்துக் கபடிக் களங்களில் இது நடக்கக்கூடியதுதான். ரெய்டு போன பையனின் கையைப் பிடித்து இழுப்பார்கள். எழும்போது அவன் தோளின் உருண்டை காணாமல் போய், ஓரம் கூராகத் துருத்தி நிற்கும். தோள் மூட்டு குழியை விட்டு நழுவியதைத்தான் 'தோள் இறங்கிடுச்சு' என்கிறோம். உடனே பெரியவர் ஒருவர், "அட, நான் இழுத்து உடறனுங்க" என்று அக்குளில் காலை முட்டுக்கொடுக்க வந்துவிடுவார். அவரைத் தடுங்கள். வளரும் பிள்ளைக்கு மேற்கை எலும்பின் வளர்ச்சித் தகட்டில் (எலும்பு நீளமாக வளரும் இடத்தில்) முறிவு இருந்தாலும் தோள் வடிவம் மாறித் தெரியலாம். எக்ஸ்ரே எடுக்காமல் இழுத்தால் முறிவு இன்னும் விலகும். மேற்கையின் வெளிப்பக்கத்தை, அதாவது போலீஸ்காரர் சட்டைக் கையில் பட்டை தைத்திருக்கும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். அங்கே மரத்திருந்தால் நரம்பு அடிபட்டிருக்கலாம், அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.

கையை இருக்கிற நிலையிலேயே துண்டால் தாங்கிக் கட்டி, 108-ஐக் கூப்பிடுங்கள். பாவம் என்று டீயும் பன்னும் வாங்கித் தருவதும் தப்பு. மூட்டைச் சேர்க்க மயக்கம் கொடுக்க வேண்டியிருக்கலாம், அதற்கு வயிறு காலியாக இருக்க வேண்டும்.

மூட்டு சேர்ந்ததும் "சரியாப் போச்சு" என்று நினைப்பதுதான் எனக்குப் பெரிய தவறாகப் படுகிறது. பதின்ம வயதில் தோள் முன்பக்கமாக நழுவும்போது, தோள் குழியின் விளிம்பில் இருக்கும் குருத்தெலும்பு வளையம் பெரும்பாலும் கிழிந்துவிடும். அது பழைய இடத்திலேயே ஒட்டிக்கொள்ளும் என்று நம்ப முடியாது. அதனால்தான் விளையாடும் பிள்ளைகளில் பாதிக்கும் மேற்பட்டோருக்குத் தோள் மறுபடி இறங்குகிறது. முட்டைப்பத்துப் போட்டு ஒன்றரை மாதம் கட்டிவைத்தாலும் இது மாறாது. கையைக் கழுத்திலிருந்து தொங்கவிடும் தொட்டில் கட்டு பொதுவாக ஒன்றிலிருந்து மூன்று வாரம் போதும், அப்புறம் பிசியோதெரபி. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் எலும்பு விளிம்பு தேயும். தேய்மானம் அதிகமானால் சின்னத் துளை போட்டுக் கிழிந்த வளையத்தைத் தைக்கும் ஆபரேஷன் போதாது, பக்கத்து எலும்புத் துண்டை எடுத்துப் பொருத்த வேண்டிவரும். "கத்தி வைக்கோணுமாங்க?" என்ற பயம் நியாயம்தான். ஆனால் கபடியை விடாத பையனுக்கு, முதல் தடவையிலேயே எம்ஆர்ஐ பார்த்து ஆபரேஷன் பேச்சை எடுப்பது அவசரக்குடுக்கைத்தனம் அல்ல.

சில பிள்ளைகள் அடியே படாமல், வகுப்பில் வேடிக்கை காட்டவே தோளை நழுவவிட்டுச் சேர்ப்பார்கள். இவர்களுக்குத் தசைநார் இயல்பிலேயே தளர்வு. வேடிக்கையை நிறுத்திவிட்டு மாதக்கணக்கில் பயிற்சி செய்வதுதான் முதல் வைத்தியம்; ஆபரேஷனுக்கு ஓட வேண்டாம். வலிப்பு வந்து தோள் நழுவியிருந்தால், வலிப்பை மருந்தால் அடக்காமல் தோளை மட்டும் சரிசெய்து பயனில்லை.

களத்துக்குத் திரும்பும் நாளை டோர்னமெண்ட் தேதி முடிவு செய்யக்கூடாது. கையைத் தூக்கி வெளிப்பக்கம் திருப்பும்போது பையன் முகத்தில் பயம் தெரிகிறதா, இரண்டு கையிலும் பலம் ஒன்றாக இருக்கிறதா என்று பிசியோ பார்த்துச் சொல்லட்டும். ஆபரேஷன் செய்தவர்களுக்குக் கபடி மாதிரி மோதல் ஆட்டத்துக்கு ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும்.