ஜப்பானிய அனிமேஷன் படங்களை உள்ளூர்த் திரையிடல் தொடரில் பார்க்கத் தொடங்குவது எப்படி

சென்னையில் ஜப்பானிய அனிமேஷன் படத்தைப் பெரிய திரையில் பார்க்க இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, வணிக வெளியீடு. மக்கோத்தோ ஷின்காயின் 'சுஸுமே' 2023 ஏப்ரலில் இந்தியத் திரையரங்குகளுக்கு வந்தது. ஜப்பானியரான யூகோ சாக்கோவும் இந்திய அனிமேஷன் கலைஞர் ராம் மோகனும் 1990களின் தொடக்கத்தில் சேர்ந்து உருவாக்கிய இராமாயண அனிமேஷன் படம் 2025 ஜனவரியில் தமிழ்க் குரலுடனும் வெளியானது. இரண்டாவது, திரைப்படக் கழகங்களும் கல்லூரி மன்றங்களும் அயல்நாட்டுப் பண்பாட்டு அமைப்புகளும் வாரத்துக்கொன்றோ மாதத்துக்கொன்றோ எனத் தொடராக நடத்தும் திரையிடல்கள். இந்த வழிகாட்டி இரண்டாவதைப் பற்றியது. வணிக வெளியீட்டுக்குப் போகும்போது நமக்கு ஏற்கெனவே தெரிந்த படத்துக்கே போகிறோம். தொடரிலோ தேர்வு வேறொருவருடையது. நாமாகத் தேடிப் போயிருக்கவே மாட்டோம் என்ற படம் நம் முன் வந்து நிற்பதுதான் அதன் பயன்.

நிகழ்ச்சி நிரல் கைக்கு வந்தவுடன் படத்தின் பெயரைவிட, இயக்குநர் பெயரையும் வெளியான ஆண்டையும் முதலில் பாருங்கள். ஒரே படம் ஓரிடத்தில் 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்' என்றும் இன்னோரிடத்தில் 'ஹொத்தாரு நோ ஹாக்கா' என்றும் அச்சாகியிருக்கும். இயக்குநர் இசாவோ தக்காஹாத்தா, ஆண்டு 1988 என்ற இரண்டையும் ஒப்பிட்டால் குழப்பம் தீர்ந்துவிடும். அடுத்து, படம் ஜப்பானியக் குரலில் ஆங்கிலச் சப்டைட்டிலுடன் ஓடுமா, ஆங்கில டப்பிங்கில் ஓடுமா என்று அமைப்பாளரிடம் கேட்டுவிடுங்கள். என் விருப்பம் ஜப்பானியக் குரலே. ஆயினும் ஆங்கில எழுத்தை விரைந்து படிக்க இயலாத சிறுவர்களையோ பெரியவர்களையோ அழைத்துச் செல்வதானால் டப்பிங் படத்தையே தேர்ந்தெடுப்பதில் இழுக்கு ஒன்றுமில்லை.

குடும்பத்துடன் செல்பவர்கள் ஒரு விஷயத்தில் மிகுந்த கவனம் கொள்ள வேண்டும். கோட்டோவியம் என்றாலே குழந்தைகளுக்கானது என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் வலுவாக இருக்கிறது. ஜப்பானில் 1988 ஏப்ரல் 16 அன்று ஸ்டுடியோ ஜிப்ளி என்ற அனிமேஷன் நிறுவனத்தின் இரு படங்கள் ஒரே காட்சியில் இணைத்து வெளியிடப்பட்டன: ஒன்று, ஹயாவோ மியாசாக்கியின் 'மை நெய்பர் டொட்டோரோ', மற்றொன்று, மேலே சொன்ன தக்காஹாத்தாவின் படம். முன்னதை நான்கு வயதுக் குழந்தை சிரித்துக்கொண்டே பார்க்கும். பின்னது, இரண்டாம் உலகப் போரின் கடைசி மாதங்களில் கோபே நகரத்தில் குண்டுவீச்சில் தாயை இழந்த அண்ணனும் தங்கையும் பசியில் அழிவதைச் சொல்வது. வளர்ந்தவர்களே அதைப் பார்த்துவிட்டுப் பேச்சின்றி எழுந்து போவார்கள். சத்தோஷி கோனின் 'பெர்ஃபெக்ட் புளூ' முற்றிலும் வயது வந்தோருக்கானது. சுவரொட்டியிலுள்ள ஓவியத்தின் அழகை நம்பி முடிவெடுக்காதீர்கள். தணிக்கைச் சான்றிதழ் இல்லாமல் படங்களைத் திரையிடும் விழாக்கள் பலவற்றில் 18 வயது நிரம்பாதவர்களை உள்ளே விடுவதில்லை என்பதால், குழந்தையுடன் வாசலில் நின்று வாதாடுவதைவிட முந்தைய நாளே விசாரித்துக்கொள்வது நல்லது.

எங்கே உட்காருவது என்பது அற்பக் கேள்வியாகத் தோன்றலாம். கழகத் திரையிடல்கள் பலவும் மல்டிபிளெக்ஸில் நடப்பதில்லை. சமதளமான கூடத்தில், பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு, புரொஜெக்டர் வைத்து நடக்கின்றன. சப்டைட்டில் திரையின் அடிவிளிம்பில் வருவதால் முன்னாலிருப்பவரின் தலை அதைச் சரிபாதியாக மறைத்துவிடும். வாக்கியத்தின் முதல் சொல்லையும் கடைசிச் சொல்லையும் வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் ஊகித்த அனுபவம் எனக்குண்டு. இருபது நிமிடம் முன்னதாகச் சென்று, நடைபாதையை ஒட்டிய நாற்காலியையோ இரண்டாவது வரிசையையோ பிடித்துக்கொள்ளுங்கள்.

இனிப் பார்க்கும் முறை. நம் படங்களின் வேகத்துக்குப் பழகிய கண்ணுக்கு, இப்படங்களில் 'ஒன்றுமே நடக்காத' இடங்கள் முதலில் அலுப்பூட்டலாம். அந்த இடங்களில்தான் ஊன்றிக் கவனிக்க வேண்டும். 'டொட்டோரோ'வின் பேருந்து நிறுத்தக் காட்சியை எடுத்துக்கொள்வோம். மழை பெய்கிறது, அப்பாவுக்காகக் குடையுடன் இரண்டு சிறுமிகள் காத்திருக்கிறார்கள், ஒரு பேருந்து வந்து, அப்பா இறங்காமலே போய்விடுகிறது, தங்கைக்குத் தூக்கம் வர, அக்கா அவளை முதுகில் சுமக்கிறாள். குடையின் விளிம்புக்குக் கீழே ஒரு பெரிய நகக்கால் வந்து நிற்பது அவள் கண்ணில் படுகிறது. தலையில் ஓர் இலையை மட்டும் வைத்துக்கொண்டு நனையும் அந்த உருவத்துக்கு அப்பாவின் குடையை அவள் நீட்டுகிறாள். மரத்திலிருந்து குடைமேல் ஒரு சொட்டு விழும் ஓசையில் அதன் கண்கள் விரிகின்றன. அதுவரை பேச்சு மிகக் குறைவு. கைபேசித் திரையில் இக்காட்சியைத் தள்ளிவிட்டுப் போய்விடலாம். இருண்ட கூடத்தில் ஐம்பது பேருடன் அமர்ந்திருக்கும்போது அந்த ஒரு சொட்டுக்காக எல்லோரும் காத்திருப்பது நமக்கே தெரியும். இவ்விடைவெளியை ஜப்பானியர் 'மா' என்கிறார்கள். இரண்டு கைத்தட்டல்களுக்கு இடையிலுள்ள நேரமே அது என்று மியாசாக்கி ஒருமுறை கைதட்டிக் காட்டி விளக்கியிருக்கிறார்.

தொழில்நுட்பத்தில் ஒன்றை மட்டும் தெரிந்துகொண்டு போனால் போதும். திரையில் விநாடிக்கு 24 ஃபிரேம்கள், அதாவது தனித்தனி நிலைப்படங்கள், ஓடினாலும், ஒவ்வொன்றுக்கும் புதிய ஓவியம் வரைவதில்லை. ஒரே ஓவியத்தை இரண்டு அல்லது மூன்று ஃபிரேம்களுக்கு நிறுத்தினால் விநாடிக்குப் பன்னிரண்டோ எட்டோ ஓவியங்கள் போதும். ஓர் அசைவு தடதடவென்று தெரிந்தால் அது கோளாறாக இருக்க வேண்டியதில்லை. எங்கே சிக்கனம் செய்தார்கள், எங்கே கைதாராளமாக வரைந்தார்கள் என்று பார்க்கத் தொடங்கிவிட்டால், இயக்குநர் எதை முக்கியமாகக் கருதினார் என்பது தானே விளங்கும்.

படம் முடிந்தவுடன் எழுந்துவிடாமல் பெயர்ப்பட்டியல் ஓடும்வரை இருங்கள். இயக்குநர் அல்லாத ஒரு பெயரையாவது குறித்துக்கொண்டு, அதைத் தொடர்ந்து செல்வதே மேலும் படங்களைக் கண்டடையும் எளிய வழி. 'டொட்டோரோ'வின் மரங்களும் வயல்வெளியும் பிடித்திருந்தால், அதன் கலை இயக்குநர் கஸுவோ ஓகாவின் பெயர் உங்களைத் தக்காஹாத்தாவின் 'தி டேல் ஆஃப் தி பிரின்சஸ் காகுயா'வுக்கு (2013) அழைத்துச் செல்லும். இசை பிடித்திருந்தால் ஜோ ஹிசாய்ஷி. ஒரே இயக்குநரை முழுதாகப் பார்க்க விரும்புபவருக்குக் கோன் ஏற்றவர்: 2010இல் 46 வயதில் இறந்த அவர் முடித்துச் சென்ற முழுநீளப் படங்கள் நான்கே, நான்கும் நூறு நிமிடத்துக்கு உட்பட்டவை.

திரையிடலுக்குப் பின் கலந்துரையாடல் இருந்தால் ஒருமுறையாவது இருந்து கேளுங்கள். நீங்கள் கொட்டாவி விட்ட காட்சிக்குப் பக்கத்து நாற்காலிக்காரர் ஏன் கண் கலங்கினார் என்பது அங்கேதான் தெரியவரும். கருத்துப் படிவம் கொடுத்தால் 'நன்று' என்று மட்டும் எழுதித் தராமல், அடுத்த முறை பார்க்க விரும்பும் படத்தின் பெயரையும் ஆண்டையும் எழுதிக் கொடுங்கள். அடுத்த நிரலைத் தயாரிப்பவர் கையில் பெரும்பாலும் அந்தத் தாள்கள்தாம் இருக்கும்.