முகாமில் ஒரு பெண் பேசத் தொடங்கினால்

இலங்கைப் போரில் தனக்கு நேர்ந்த பாலியல் வன்கொடுமையைப் பற்றி, சேலம் மாவட்ட மறுவாழ்வு முகாமில் வாழும் ஒரு பெண் முதன்முதலாக வாய் திறப்பது, மாலை வகுப்பு எடுக்கப் போகும் உங்களிடமாகவே இருக்கலாம். அப்போது நீங்கள் விசாரணை அதிகாரியாக மாறிவிடக் கூடாது.

முகாம் வீடுகள் நெருக்கமானவை. பேச்சு அடுத்த வீட்டுக்குக் கேட்கும். ஆகவே, "அக்கா, இங்கேயே பேசலாமா, வேறு இடத்தில் பேசலாமா?" என்று முதலில் கேளுங்கள். கணவரோ மகளோகூட அவர் விரும்பினால் மட்டுமே உடனிருக்கட்டும். கைப்பேசியில் எதையும் பதிவுசெய்யாதீர்கள்.

"ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை?" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். விவரங்களைத் தோண்டுவதும் தவறு. அது அவரை மீண்டும் வதைக்கும் என்பதோடு, பலர் பலவிதமாக எழுதிவைத்த வாக்குமூலங்களுக்கு இடையிலுள்ள சிறு முரண்களைக் கொண்டே எதிர்த்தரப்பு பின்னாளில் அவருடைய சாட்சியத்தை உடைக்க முயலும். அவர் சம்மதித்தால், பெயர் குறிப்பிடாமல், காலம், இடம், அவருடைய சொற்கள் ஆகியவற்றை மட்டும் எழுதுங்கள். "ஆமி" (இராணுவம்), "சென்றி" (காவலரண்), "கெடுத்துப்போட்டாங்கள்" என்று அவர் சொன்னால் அப்படியே எழுதவேண்டும். அதைச் செய்தித்தாள் தமிழுக்கு மாற்றினால் அது உங்கள் வாக்குமூலமாகிவிடும்.

பெண்கள் பேசுவது வழக்கையே மாற்றக்கூடும். 1994 இனப்படுகொலையை விசாரித்த ஐ.நா.வின் ருவாண்டா தீர்ப்பாயத்தில், அங்கே ஓர் ஊரின் மேயராக இருந்த அகாயெசு மீதான தொடக்கக் குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை இடம்பெறவே இல்லை. சாட்சிக் கூண்டில் பெண்கள் பேசிய பிறகே, 1997இல் அது திருத்தப்பட்டது. தென்னாப்பிரிக்கத் தமிழரான நவநீதம் பிள்ளையும் அமர்ந்திருந்த அந்த அமர்வு, 1998இல், வன்புணர்வும் இனப்படுகொலையின் செயலாகலாம் என்று தீர்ப்பளித்தது.

தீர்ப்பு வருமென்று வாக்குக் கொடுக்காதீர்கள். போர் அல்லாவிட்டாலும், சீருடை அணிந்தவர்கள் பெண்களுக்கு இழைத்த பாலியல் கொடுமையான, தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியை நாம் மறக்க முடியாது. 1992இல் கைதாகிச் சேலம் சிறையில் அடைக்கப்பட்ட அம்மலைக் கிராமப் பெண்கள், தருமபுரி நீதிமன்றத் தீர்ப்புக்கு 2011 வரையிலும், அதை உயர் நீதிமன்றம் உறுதிசெய்ய 2023 வரையிலும் காத்திருந்தார்கள்.

இலங்கை பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றத்தில் உறுப்பினர் அல்ல. எனினும், 2021 மார்ச்சில் நிறைவேறிய ஐ.நா. மனித உரிமைப் பேரவைத் தீர்மானத்தின்படி, ஜெனீவாவிலுள்ள மனித உரிமை ஆணையர் அலுவலகம் சான்றுகளைத் திரட்டிப் பாதுகாத்துவருகிறது. அந்தப் பெண் விரும்பினால், அனுபவமுள்ள வழக்கறிஞர் வழியாகவே அந்த அலுவலகத்தை அணுகுங்கள்.

வழக்கே வேண்டாம் என்றால், குறிப்பை அவரிடமே கொடுத்துவிட்டு, 181 மகளிர் உதவி எண்ணையும், அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு உடன் வரத் தயார் என்பதையும் சொல்லிவிட்டு, அடுத்த வாரமும் வழக்கம்போல வகுப்புக்குச் செல்லுங்கள்.