பழைய வில்லிஸ் ஜீப்பில் இருப்பது கம்பெனி எஞ்சின்தானா என்று கண்டறிவது எப்படி?

வேலூர், ஒடுகத்தூர், ஜவ்வாது மலைப் பக்கங்களில் பழைய பெட்ரோல் ஜீப் விலைக்கு வந்தால், ‘கம்பெனி எஞ்சின், கை வைக்கவே இல்லை’ என்ற சொல்லும் கூடவே வரும். தொழிற்சாலையில் பொருத்திய அதே எஞ்சின் என்று பொருள். பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன் பானட்டைத் திறந்து பாருங்கள்.

அமெரிக்காவின் வில்லிஸ் நிறுவனம் இந்தச் சிறிய ஜீப்புகளில் முக்கியமாக இரண்டு நான்கு சிலிண்டர் எஞ்சின்களைப் பொருத்தியது. போர்க்கால ஜீப்பிலும், பின்னர் வந்த சி.ஜே.2ஏ, சி.ஜே.3ஏ வண்டிகளிலும் இருந்தது 60 குதிரைத்திறன் கொண்ட ‘கோ-டெவில்’. 1953-இல் வந்த சி.ஜே.3பி-யில் ‘ஹரிக்கேன்’ இடம்பெற்றது. அதன் திறன் 70-ஐத் தாண்டும். இரண்டுக்கும் சிலிண்டர் விட்டம் 79.4 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) 111.1 மி.மீ., கொள்ளளவு சுமார் 2,199 சி.சி. என்பதால், ஆர்.சி. புத்தகத்திலுள்ள சி.சி.யை மட்டும் பார்த்து இவற்றைப் பிரித்தறிய முடியாது.

சிலிண்டர்களை மேலே மூடியிருக்கும் ஹெட்டைப் பார்த்தால் உடனே தெரிந்துவிடும். கோ-டெவிலில் எல்லா வால்வுகளும் சிலிண்டர்கள் உள்ள கீழ்ப்பகுதியான பிளாக்கிலேயே இருப்பதால், ஹெட் தட்டையான இரும்புப் பலகையைப் போலிருக்கும். ஸ்பார்க் பிளக்குகள் அதன் மேல் நேரே நிற்கும். ஹரிக்கேனில் இன்டேக் வால்வுகள் ஹெட்டுக்கு ஏறிவிட்டன, எக்ஸாஸ்ட் வால்வுகள் மட்டும் பிளாக்கில் தங்கின. எனவே மேலே நீளமான வால்வு கவரும், ஹெட்டின் மீதே அமர்ந்த கார்புரேட்டரும் தெரியும். இந்த உயரத்துக்கு இடம் கொடுக்கத்தான் 3பி-யின் பானட் உயர்த்தப்பட்டது. ஆகவே தாழ்ந்த பானட் கொண்ட 3ஏ-வில் ஹரிக்கேன் இருந்தால், அது எவ்வளவு இனிமையாக ஓடினாலும் பின்னர் மாற்றப்பட்டதுதான்.

அடுத்தது எண். ஹரிக்கேனில் அது பிளாக்கின் முன்பக்கம், வாட்டர் பம்ப் பொருந்தும் மேட்டில் பொறிக்கப்பட்டிருக்கும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் பிசுக்கைத் துடைத்து, சாக்பீஸைத் தேய்த்தால் எழுத்துகள் வெள்ளையாக எழும். அமெரிக்க எஞ்சின்களில் எண்ணுக்குப் பின் ‘பி’ என்ற எழுத்து இருந்தால், சிலிண்டர் தொழிற்சாலையிலேயே 0.010 அங்குலம் பெரிதாக்கப்பட்டது என்று பொருள். பிஸ்டன் வாங்கும்போது இது மிகவும் உதவும். காட்பாடியில் நான் பார்த்த ஒரு வண்டியில் அந்த மேடு முழுவதும் கிரைண்டரால் வழிக்கப்பட்டிருந்தது. அப்படி இருந்தால் பேரம் பேசவே வேண்டாம், திரும்பிவிடுங்கள்.

டீசல் எஞ்சினுக்கு மாற்றிய ஜீப்புகளும் நம் பகுதியில் நிறைய உண்டு. அவற்றில் எஞ்சின் எண்ணும் எரிபொருள் வகையும் ஆர்.சி.யில் திருத்தப்பட்டுள்ளனவா என்று பார்த்த பிறகே முன்பணம் கொடுங்கள்.