பிரிண்ட்ட தூக்கிட்டு லாகிங் போடுறது எப்படி (பைத்தான்)

கோடு எழுதுறப்ப பிரிண்ட் போட்டு பாக்குறதுல தப்பே இல்ல, அதுதான் வேகம். ஆனா அதே ஸ்கிரிப்ட் சர்வர்ல கிரான் ஜாபா (குறிச்ச நேரத்துக்கு தானா ஓடுறது) ஓட ஆரம்பிச்சதும் "இங்க வந்துச்சு", "ஓகே"ன்னு வரிவரியா கெடக்கும், எத்தன மணிக்கு வந்துச்சு எந்த ஃபைல்ல இருந்து வந்துச்சுன்னு ஒண்ணும் தெரியாது. இதெல்லாம் சேத்து எழுதித் தர்ற லாகிங் மாட்யூல் பைத்தான் 2.3ல இருந்தே கூட வருது, தனியா எதுவும் இன்ஸ்டால் பண்ண வேணாம்.

தயவுசெஞ்சு ஃபைண்ட் ரிப்ளேஸ் போட்டு மொத்தமா மாத்திடாதீங்க. ஒவ்வொரு பிரிண்டயும் பாத்து இது யாருக்குன்னு கேளுங்க. யூஸர் கைக்கு போக வேண்டிய ரிசல்ட்னா அது பிரிண்டாவே இருக்கட்டும், ஏன்னா பிரிண்ட் ஸ்டாண்டர்ட் அவுட்புட்டுக்கு போகுது, லாக் டீஃபால்ட்டா ஸ்டாண்டர்ட் எரருக்கு போகுது, அவுட்புட்ட பைப் போட்டு வேற கமாண்டுக்கு குடுக்குறவங்களுக்கு மாத்துன அன்னிக்கே எல்லாம் நின்னுடும். மத்தத லாகா மாத்தி, எவ்வளவு முக்கியம்னு பாத்து ஒரு லெவல் குடுங்க: வேரியபிள் மதிப்பு பாக்க போட்டது டீபக், வேலை ஒழுங்கா நடந்துச்சுன்னு சொல்றது இன்ஃபோ, ரீட்ரை பண்ணி தப்பிச்சா வார்னிங், வேலையே நடக்கலன்னா எரர், ப்ரோக்ராமே மேல ஓட முடியாதுன்னா கிரிட்டிக்கல்.

ஒவ்வொரு ஃபைல் மேலயும் கெட்லாகர் கூப்பிட்டு அந்த ஃபைலோட நேம் வேரியபிள (ரெண்டு பக்கமும் டபுள் அண்டர்ஸ்கோர் இருக்குமே, அது) குடுத்து ஒரு லாகர் எடுத்துக்கோங்க. லாகிங் செட்டிங்க வைக்கிற பேசிக்கான்ஃபிக் மெயின் ஃபைல்ல மட்டும், ஒரே ஒரு தடவ. ஃபார்மட்ல நேரம், லெவல், லாகர் பேரு, மெசேஜ் நாலும் இருக்கணும்.

"மாத்திட்டேன், ஒண்ணுமே வரல"ன்னு நிறைய பேரு நிக்கிற எடம் இதுதான். டீஃபால்ட் லெவல் வார்னிங், அதனால இன்ஃபோ, டீபக் ரெண்டும் வெளிய வராது, பேசிக்கான்ஃபிக்ல லெவல இன்ஃபோன்னு வச்சாதான் இன்ஃபோ வரும், டீபக்கும் வேணும்னா டீபக்னு வைக்கணும். வச்சும் வரலன்னா அதுக்கு முன்னாடியே வேற லைப்ரரி ஏதோ ரூட் லாகருக்கு (எல்லா லாகருக்கும் மேல இருக்கிறது) ஹேண்ட்லர் (லாக்க ஸ்கிரீனுக்கோ ஃபைலுக்கோ அனுப்புறது) மாட்டியிருக்கும், அப்ப பேசிக்கான்ஃபிக் சத்தமில்லாம எதுவும் பண்ணாம போயிடும். பைத்தான் 3.8ல இருந்து பேசிக்கான்ஃபிக்குக்கு ஃபோர்ஸ் ட்ரூ (force=True) குடுக்கலாம், பழைய ஹேண்ட்லர கழட்டிட்டு உங்களோடத மாட்டும்.

பிரிண்ட்ல கமா போட்டு வேரியபிள் குடுத்த பழக்கத்துல லாகர்லயும் அப்படியே குடுத்தா "லாகிங் எரர்"னு ஒரு நீள ட்ரேஸ்பேக் (எரர் எந்தெந்த வரி வழியா வந்துச்சுங்கிற லிஸ்ட்) கொட்டும். மெசேஜுக்குள்ள பர்சன்ட் எஸ் (%s) போட்டுட்டு அப்புறம் கமா போட்டு மதிப்ப குடுங்க. அந்த லெவல் ஆஃப்ல இருந்தா ஸ்ட்ரிங்க ஒட்டுற வேலையே நடக்காது, எஃப் ஸ்ட்ரிங்ல அந்த லாபம் கெடையாது.

எனக்கு ரொம்ப முக்கியமா படுறது எக்செப்ட் பிளாக். அங்க எக்செப்ஷன வெறுமனே பிரிண்ட் பண்ணா, கீ எரர் வந்தப்ப கொட்டேஷன் மார்க்குக்குள்ள கீ பேரு மட்டும்தான் வரும், எந்த வரில ஒடஞ்சுதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. லாகர் டாட் எக்செப்ஷன் போட்டீங்கன்னா முழு ட்ரேஸ்பேக்கும் கூட வந்துடும். நேரம் இல்லன்னா இத மட்டுமாவது இன்னிக்கே மாத்திடுங்க.

ஃபைல்ல எழுதுறதுன்னா ரொட்டேட்டிங் ஃபைல் ஹேண்ட்லர், ஃபைல் ஒரு அளவ தாண்டுனா பழச ஒதுக்கி வச்சுட்டு புதுசா ஆரம்பிக்கும். மேக்ஸ்பைட்ஸ் (அந்த அளவு) மட்டும் குடுத்து பேக்கப்கவுண்ட்ட (எத்தன பழைய ஃபைல் வச்சுக்கணும்ங்கிறது) விட்டுட்டா ரொட்டேட்டே ஆகாம ஃபைல் வளந்துகிட்டே போகும், ரெண்டும் வேணும். லாக்ல தமிழ் பேரு, அட்ரஸ்லாம் வரும்னா என்கோடிங் யூடிஎஃப் 8னு சேத்துடுங்க, விண்டோஸ்ல இல்லன்னா அந்த வரி லாக்ல ஏறாம எரராகிடும்.

மாத்தி முடிச்சதும் ரஃப் (ruff)னு கோடு செக் பண்ற டூல்ல T201 ரூல ஆன் பண்ணிடுங்க, யாராவது புதுசா பிரிண்ட் போட்டா அதுவே புடிச்சு காட்டும், வேணும்னே விட்டு வச்ச ரிசல்ட் பிரிண்ட்டுக்கு மட்டும் பக்கத்துல நோக்யூஏ (noqa) கமெண்ட், அந்த வரிய செக் பண்ணாம விட்டுடும்.