பட்டர் உருகும் ஊரில் கேக் அடிப்பது எப்படி

"மகள், இது கேக்கா, களியா?" என்று மாமி கேட்டபோது, மூத்தவனின் பிறந்தநாள் விருந்தாளிகள் வருவதற்கு இன்னும் நான்கு மணி நேரம் இருந்தது. வெட்டிய துண்டின் மேற்பாதி பார்வைக்குக் கேக்தான். அடியில் மட்டும் ஒரு விரற்கடை உயரத்துக்கு மஞ்சளாய், ஈரமாய், அழுத்தினால் எண்ணெய் கசிகிற ஒரு படை. அளவுகளை நிறுத்துத்தான் போட்டிருந்தேன். பேக்கிங் பவுடர் அன்று உடைத்த டின். கடைசியில் காத்தான்குடியில் ஒரு கேக் வாங்கிவந்து மெழுகுதிரி ஏற்றினோம்.

அதற்குப் பிறகும் மூன்று கேக்குகள் அதே மாதிரிக் களிபிடித்தன. நான்காவதைச் சும்மா ஒரு பிடிவாதத்தில் விடியற்காலை ஐந்து மணிக்கு அடித்தேன். பஞ்சு மாதிரி வந்தது. அதே மா, அதே பட்டர், அதே ஓவன். மாறியது நேரம் மட்டுமே. அப்போதுதான் சமையலறையில் ஒரு வெப்பமானியைத் தொங்கவிட்டுப் பார்க்கும் யோசனை வந்தது.

கேக் செய்முறைகள் எல்லாவற்றிலும் முதல் வரி ஒன்றுதான்: "பட்டர் அறை வெப்பநிலையில் இருக்க வேண்டும்." அதை எழுதியவர்களின் அறை ஏறத்தாழ 20 பாகை செல்சியஸ். கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில், மட்டக்களப்புக் கல்லடியில் எங்கள் சமையலறை பிற்பகல் இரண்டு மணிக்கு 33 பாகை. 32 முதல் 35 பாகைக்குள் பட்டரின் கொழுப்பு முழுவதுமாக உருகிவிடும். நான் அந்த வரியை அப்படியே நம்பி, பட்டரை இரண்டு மணி நேரம் மேசையில் வைத்திருந்தேன். கூழ் மாதிரி இளகிய பிறகே "நன்றாக மெதுவாகிவிட்டது" என்று சந்தோஷப்பட்டு அடிக்கத் தொடங்கினேன். கெட்டது அங்கேதான்.

எனது அளவு இது. பட்டர், சீனி, கோதுமை மா மூன்றும் 250 கிராம். ஓட்டை உடைத்து ஊற்றிய முட்டையும் 250 கிராம். பேக்கிங் பவுடர் தலைதட்டி 2 தேக்கரண்டி, வனிலா 2 தேக்கரண்டி, தேவைப்பட்டால் பால் 2 மேசைக்கரண்டி. 8 அங்குலச் சதுரத் தட்டு. அடியில் எண்ணெய்த்தாள் போடுவது எப்படி என்றெல்லாம் நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

முட்டையை எண்ணிக்கையால் அளக்காதீர்கள். கடை முட்டை ஐந்து என்றால் கிட்டத்தட்ட 250 கிராம் வரும். ஊர்க்கோழி முட்டை ஐந்து போட்டால் 200 கூடத் தேறாது. கோப்பை அளவும் வேண்டாம். ஒரே கோப்பையில் மாவைத் தூவி நிரப்பினால் 120 கிராம், அள்ளி அமுக்கினால் 150க்கு மேல். கேக் அடிக்க விரும்பும் பிள்ளைகள் முதலில் வாங்க வேண்டியது மின்தராசு. அலங்காரக் குழாய்கள், பூப்போட்ட அச்சுகள் எல்லாம் அதற்குப் பிறகு.

முதலில் சீனி. நமது கடைகளில் கிடைக்கும் சீனியின் மணிகள் பெரியவை. பட்டரோடு எவ்வளவு அடித்தாலும் நறநறவென்றே இருக்கும். மிக்சியில் இரண்டு மூன்று சுற்று விட்டு எடுங்கள். ஐசிங் சீனிபோல் மாவாக்கிவிடக் கூடாது. ஏன் என்று அடுத்ததில் தெரியும்.

இனிப் பட்டர். இதில் சற்று நின்று போவோம், ஏனென்றால் என் நான்கு கேக்குகளும் விழுந்த குழி இது.

பட்டரையும் சீனியையும் சேர்த்து அடிக்கும்போது, சீனி மணிகளின் கூர்முனைகள் கெட்டியான கொழுப்பைக் கீறிக் கீறிக் காற்றை உள்ளே புதைக்கின்றன. கேக்கின் துளைகள் அப்போதே பிறந்துவிடுகின்றன. பேக்கிங் பவுடர் அந்தத் துளைகளை ஊதிப் பெருப்பிக்குமே தவிர, புதிதாக ஒரு துளையையும் உண்டாக்காது. பட்டர் எண்ணெயாகிவிட்டால் காற்றைப் பிடித்து வைக்க அங்கே எதுவும் இல்லை. எத்தனை கரண்டி பேக்கிங் பவுடர் போட்டாலும் களிதான். கூடுதலாகப் போட்டால் களியோடு கசப்பும் சேரும்.

ஆகவே பட்டர் 18 முதல் 20 பாகையில் இருக்க வேண்டும். நம் வீட்டில் அதற்கு இரண்டு மணி நேரம் தேவையில்லை. பிரிட்ஜிலிருந்து எடுத்துச் சிறு கட்டிகளாக வெட்டி வைத்தால், வெயில் நாளில் பத்து நிமிடம், மாரி நாளில் இருபது நிமிடம். விரலால் அழுத்திப் பாருங்கள். பள்ளம் விழ வேண்டும். விரல் அடிவரை இறங்கக் கூடாது. மேல்தோல் மினுங்கினால் நேரம் தப்பிவிட்டது. "இன்னும் கொஞ்சம் குளிராகத்தான் இருக்கிறதே" என்று தோன்றும்போதே அடிக்கத் தொடங்குங்கள், ஏனென்றால் பீட்டர் சுற்றுகிற சூடும் சேரும். கிண்ணத்தை ஐஸ்கட்டி போட்ட தண்ணீர்த் தாச்சிக்குள் வைத்து அடிப்பது என் வழக்கம். தண்ணீர் உள்ளே தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

எட்டு முதல் பத்து நிமிடம். நிறம் மஞ்சளிலிருந்து வெளிறிக் கிட்டத்தட்டப் பாற்கட்டி நிறத்துக்கு வர வேண்டும். அளவும் கண்ணுக்குத் தெரியும்படி பெருக வேண்டும். நடுவில் மினுக்கம் தெரிந்தால் கிண்ணத்தோடு பத்து நிமிடம் பிரிட்ஜில் வைத்துவிட்டு மறுபடி அடிக்கலாம். சீனி சேர்ப்பதற்கு முன்பே பட்டர் முழுக்க எண்ணெயாகிவிட்டதா? அதைக் குளிரவைத்து மீட்கப் பார்க்காதீர்கள். முட்டையையும் சீனியையும் தனியே, தூக்கினால் நாடாபோல் விழும்வரை அடித்து, மாவை மெதுவாகக் கலந்து, உருகிய பட்டரைக் கடைசியில் ஊற்றி மடியுங்கள். அது வேறு வகைக் கேக், ஆனால் கேக்தான்.

ஒரே பக்கமாகச் சுற்றித்தான் அடிக்க வேண்டும், மாற்றிச் சுற்றினால் கேக் பொங்காது என்று என் பெரியம்மா உட்பட ஊரில் பாதிப் பேர் சொல்வார்கள். இரு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டேன். கேக்குக்கு அது தெரியவில்லை. பெரியம்மாவிடம் இதைச் சொல்லவில்லை.

வெயில் காலத்தில் பாதி பட்டர், பாதி மாஜரின் போடுகிறேன். மாஜரின் நமது வெக்கையைச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும், மணத்துக்குப் பட்டர். முழு மாஜரினில் அடித்த கேக் வாயில் மெழுகுபோல் ஒட்டுவதால் எனக்குப் பிடிப்பதில்லை.

முட்டைகளை ஒவ்வொன்றாகச் சேர்க்கும்போது கலவை திரிந்துபோவது அடுத்த தலைவலி. திரிவதில் இரண்டு வகை உண்டு, மருந்தும் வேறு. பிரிட்ஜ் முட்டையை நேரே ஊற்றினால் பட்டர் இறுகிச் சிறு சிறு கட்டிகளாகப் பிரிந்து நிற்கும். கிண்ணத்தின் வெளிப்புறத்தில் வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றிக்கொண்டு அடித்தால் சேர்ந்துவிடும். கலவை தளர்ந்து, எண்ணெய் மினுங்க ஓடினால் அது சூட்டினால் வந்தது, அதற்கு ஐஸ்தண்ணீர். வகை தெரியாமல் நான் ஒருமுறை சூட்டுக்கு மேல் சூடு கொடுத்துக் கலவையை முழுதாக நாசமாக்கியிருக்கிறேன். இரண்டுக்கும் பொதுவான முதலுதவி: அளந்து வைத்த மாவிலிருந்து ஒரு மேசைக்கரண்டி எடுத்துச் சேர்ப்பது. முட்டையை அரை மணி நேரம் முன்னதாக வெளியே எடுத்து வைத்தால் இந்தப் பாடே இல்லை.

மாவையும் பேக்கிங் பவுடரையும் அரிதட்டில் இரண்டு முறை அரித்து, மூன்று பங்காகச் சேர்க்க வேண்டும். இங்கே பீட்டரை நிறுத்திவிட்டு அகப்பையை எடுங்கள். வெள்ளை மறைந்ததும் கையை எடுத்துவிடுங்கள். மேலும் அடித்தால் மாவில் பசைத்தன்மை இழுபட்டுக் கேக் பாண்போல் கடினமாகும். வெட்டினால் உள்ளே புழு அரித்ததுபோல் நீளத் துளைகள் தெரியும்.

பேக்கிங் பவுடரில் சந்தேகம் இருந்தால் கால் கோப்பை வெந்நீரில் அரைத் தேக்கரண்டி போடுங்கள். உடனே நுரைத்துப் பொங்க வேண்டும். சோம்பலாக நாலு குமிழி விட்டால் அந்த டின்னைப் பாத்திரம் தேய்க்க வைத்துக்கொள்ளலாம். வாவிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிறோம். மூடி சரியாக இறுகாத டின், காலாவதித் திகதிக்கு முன்பே செத்துவிடும்.

அடுத்தது ஓவன். திருகு குமிழில் எழுதியிருப்பதை நம்ப வேண்டாம். சிறிய மேசை ஓவன்கள் 20 பாகை முன்பின்னாகச் சொல்வது சாதாரணம். ஓவன் வெப்பமானி இல்லாதவர்களுக்கு ஒரு சோதனை: ஒரு சிறிய தட்டில் அரைக் கரண்டி சீனியை வைத்து, 175 பாகையில் பதினைந்து நிமிடம் விடுங்கள். உருகக் கூடாது. பிறகு 190க்கு ஏற்றி இன்னொரு பதினைந்து நிமிடம். இப்போது உருக வேண்டும். 175இலேயே உருகினால் உங்கள் ஓவன் கூடுதலாகச் சுடுகிறது. 190இலும் உருகாவிட்டால் குறைவாகச் சுடுகிறது. எனது ஓவன் முதல் வகை. நடு மட்டும் கூம்பி வெடிக்கும் கேக்குகளுக்குக் காரணம் அதுதான் என்று பிறகு விளங்கியது. ஓரம் அவசரமாக வெந்து இறுகிவிட, வேகாத நடு மேலே பீறிடுகிறது. சூட்டைக் குறைப்பதோடு, தட்டின் வெளிச்சுவரில் நனைத்துப் பிழிந்த தடித்த பருத்தித் துணியை இறுக்கிக் கட்டினால் மேற்பரப்பு மட்டமாக வரும். துணி சூட்டுக் கம்பிகளைத் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பதினைந்து நிமிடம் முன்சூடு, பிறகு 165 பாகையில் 45 முதல் 55 நிமிடம். முதல் அரை மணி நேரம் கதவைத் திறக்காதீர்கள். பொங்கி, இறுகுவதற்கு முன் குளிர்ந்த காற்றுப் பட்டால் நடு அமிழும். 40 நிமிடத்துக்குப் பிறகு ஈர்க்கிலால் குத்திப் பாருங்கள். ஒன்றிரண்டு துகள் ஒட்டினால் போதும். முழுக்க உலர்ந்த ஈர்க்கில் வரும்வரை காத்திருந்தால் கேக்கும் உலர்ந்துவிடும். அடி கருகுகிறவர்கள் தட்டை ஒரு படி மேலே ஏற்றுங்கள், அல்லது கீழே இன்னொரு வெறுந்தட்டைக் கொடுங்கள்.

கஜுவும் பிளம்ஸும் அடிக்குப் போய்ப் படுக்காமலிருக்க மாவில் புரட்டிப் போடச் சொல்வார்கள். ஓரளவு உதவும். உண்மையான மருந்து, கலவை கெட்டியாக இருப்பது. பட்டர் உருகிய கலவையில் எதைப் புரட்டினாலும் தாழும்.

பிற்சேர்க்கை: செங்கலடியிலிருந்து ஒரு அக்கா, பாதி வேகும்போது மின்சாரம் போனால் என்ன செய்வது என்று கேட்டிருந்தார். 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை வெட்டினார்களே, அந்த நாட்களில் கற்றுக்கொண்ட விடை இது. கதவைத் திறக்காதீர்கள். அரை மணி நேரம் தாண்டி, மேற்பரப்பு இறுகியிருந்தால், உள்ளிருக்கும் சூடு சிறிது நேரம் வேலை செய்யும்; மின்சாரம் கால் மணிக்குள் வந்தால் பத்து நிமிடம் கூடுதலாக வைத்து எடுத்துவிடலாம். முதல் பத்து நிமிடத்திலேயே போய்விட்டால் ஓவனை மறந்து, கேஸ் அடுப்பில் முன்சூடாக்கிய கனமான அலுமினியப் பானைக்கு மாற்றுங்கள். பானைக்குள் ஒரு அங்குலம் உலர்ந்த மணல், அதன் மேல் ஒரு தாங்கி, அதன் மேல் தட்டு, இறுக்கமான மூடி, மெல்லிய தீ. மேலே சூடு இல்லாததால் கேக்கின் முகம் வெளிறியே இருக்கும். பெரியம்மா காலத்தில் மூடியின் மேல் சிரட்டைத் தணல் அள்ளிப் போட்டது அதற்காகத்தான். ஒட்டாத பூச்சுப் பாத்திரங்களை இதற்குப் பாவிக்காதீர்கள்.

இன்னொன்று: அக்கரைப்பற்றுத் தங்கை ஒருவருக்கு எல்லாம் சரியாக வந்தும், கவிழ்க்கும்போது பாதிக் கேக் தட்டிலேயே நின்றுவிட்டதாம். சுடச்சுடக் கவிழ்த்திருக்கிறார். பத்து நிமிடம் ஆறவிட்டுக் கவிழ்க்க வேண்டும். அதற்காக ஒரு மணி நேரம் விட்டுவிட்டால் நீராவி உள்ளேயே ஒடுங்கி அடி நனைந்துபோகும்.

களிபிடித்த கேக்கையும் எறிய வேண்டாம். அன்று மாமி செய்ததைச் சொல்கிறேன். அடிப் படையைச் சீவி ஒதுக்கிவிட்டு, மீதியை விரல் தடிப்பில் வெட்டி, தட்டில் பரப்பி, 140 பாகையில் முக்கால் மணி நேரம், நடுவில் ஒருமுறை புரட்டி, மொறுமொறுவென்று விசுக்கோத்தாக்கினார். கடைக் கேக்கில் கால்வாசி மறுநாளும் மிஞ்சியிருந்தது. விசுக்கோத்து டின் அன்று இரவே காலி.